பாலங்களில் இறங்கி நில்லுங்கள்: கொட்டியாரக் குடாவில் ஒரு சைக்கிள் வழி

திருகோணமலைக்குச் சுற்றுலா வருகிறவர்கள் கோணேசர் மலையைப் பார்த்துவிட்டு வடக்கே திரும்பிவிடுவார்கள். நிலாவெளி, புறாத்தீவு என்று அவர்கள் நாள் முடிந்துவிடும். தெற்கே போகிறவர்கள் மட்டக்களப்புக்கோ கல்முனைக்கோ அலுவலாகப் போகிறவர்கள். பஸ் பாலங்களைக் கடக்கும்போது பாதிப்பேர் தூக்கத்தில் இருப்பார்கள். அந்தப் பாலங்களுக்குக் கீழேதான் இலங்கையின் மிக நீளமான ஆறு, 335 கிலோமீற்றர் ஓடி வந்த மகாவலி, கடலைச் சேர்கிறது. கிழக்குக் கரையில் இதைவிட நல்ல சைக்கிள் வழி எனக்குத் தெரியாது.

திருகோணமலை நகரமும் மூதூரும் கொட்டியாரக் குடாவின் இரு கரைகளில் எதிரெதிரே இருக்கின்றன. காகம் பறக்கும் வழியில் அளந்தால் இடைவெளி 15 கிலோமீற்றருக்குள் அடங்கும். ஒரு தலைமுறை முன்பு வரை மூதூரார் நகரத்துக்குப் போவதென்றால் லாஞ்சில்தான் போனார்கள். வீதி வழியே போக நினைத்தவர்கள் ஒவ்வொரு துறையிலும் 'பாதை'க்குக் காத்திருக்க வேண்டும். வாகனங்களை ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதவையைக் கிழக்கில் அப்படித்தான் சொல்வோம். இன்று சீனக்குடா, கிண்ணியா, உப்பாறு, கங்கை, இறால்குழி என்று வீதி குடாவைச் சுற்றி வளைந்து மூதூரை அடைகிறது. ஏற்றம் என்று சொல்லத்தக்கது சீனக்குடாப் பக்கத்தில் மட்டும் கொஞ்சம் உண்டு. மிச்சமெல்லாம் சமதரை. கியர் வைத்த விலையுயர்ந்த சைக்கிள் வேண்டியதில்லை. ஊரில் எல்லோரும் ஓட்டும் லுமாலா போதும்.

எப்போது போவது என்பதைக் காற்றிடம் கேட்க வேண்டும். வாடைக்கால மழை ஐப்பசியில் பிடித்தால் தை வரை விடாது. மாசி, பங்குனி மாதங்களில் வானம் தெளிந்து, ஆற்றில் இன்னும் தண்ணீர் ஓடும். வயல்களில் பெரும்போக அறுவடை நடக்கும். நான் தேர்ந்தெடுக்கச் சொல்வது இந்த இரண்டு மாதங்களைத்தான். ஆனி தொடங்கிக் கச்சான் வீசும். மேற்கிலிருந்து வரும் அந்த வறண்ட வெக்கைக் காற்று கிண்ணியாவிலிருந்து மூதூர் வரை முதுகில் தள்ளிக்கொண்டு போய், திரும்பி வரும்போது முகத்தில் அறையும். எந்த மாதமானாலும் வெளிச்சம் வருமுன் புறப்படுங்கள். காலையில் காற்று தரையிலிருந்து கடலுக்கு மெல்லப் போகும். வெயில் ஏறியதும் அது திரும்பிக் கடலிலிருந்து வீசத் தொடங்கும். அதற்குள் கிண்ணியாவைத் தாண்டிவிட்டால் கால் வலி மிச்சம்.

நகரத்திலிருந்து உட்துறைமுக வீதி வழியாகப் புறப்படுங்கள். இங்கே கவனிக்க வேண்டியது தண்ணீரின் அமைதியும் கருமையும். திருகோணமலைக்கு வெளியே கடலடியில் ஒரு பெரும் பள்ளத்தாக்கு இருக்கிறது. அதன் தலை இந்தக் குடாவுக்குள்ளேயே நுழைந்திருக்கிறது. வெளியே போகப் போக 3,000 மீற்றருக்கும் அதிகமாக ஆழம் இறங்குகிறது. பெருங்கப்பல்கள் கரைக்கு இவ்வளவு கிட்ட வருவது அதனால்தான். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் எல்லோரும் இந்த மூலைக்காக அடிபட்டதற்கும் காரணம் இந்த ஆழம். திமிங்கிலங்களும் அதே ஆழத்தை நம்பித்தான் இந்தக் கரையை நெருங்குகின்றன. இந்தக் கருநீலத்தை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். இன்னும் இரண்டு மணி நேரத்தில் இதே குடாவின் மறுபக்கம் மண்ணிறமாக உங்கள் முன் நிற்கும்.

சீனக்குடாவில் மாவு ஆலையும் விமானத்தளமும் பழைய எண்ணெய்க் குதங்களும் உண்டு. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்ட இடம் இது. லொறிகள் அதிகம் ஓடும் பகுதி; ஓரமாக ஓட்டி வேகமாகக் கடந்துவிடுங்கள்.

வெள்ளைமணல் தாண்டியதும் கிண்ணியாப் பாலம். இங்கே கட்டாயம் இறங்க வேண்டும். 396 மீற்றர் நீளமான இந்தப் பாலம் 2009 ஒக்டோபரில் திறக்கப்பட்டபோது நாட்டிலேயே நீளமான பாலம். நீளத்தை விட அது நிற்கும் இடம்தான் முக்கியம். ஒரு பக்கம் கொட்டியாரக் குடா. மறுபக்கம் தரைக்குள் ஒதுங்கிக் கிடக்கும் தம்பலகாமம் குடா. உள்குடாவின் தண்ணீர் முழுவதும் இந்த ஒரு வாயால்தான் கடலோடு கொடுக்கல் வாங்கல் செய்கிறது.

முதலில் தூணைப் பாருங்கள். தண்ணீர் தூணின் எந்தப் பக்கம் மோதித் திரள்கிறது, எந்தப் பக்கம் சுழித்துப் போகிறது என்று பார்த்தால் பெருக்கா வற்றா என்பது தெரிந்துவிடும். இலங்கைக் கரையில் கடல் ஏறி இறங்கும் உயரம் அரை மீற்றருக்குச் சற்று மேலே, அவ்வளவுதான். கரையில் நின்று பார்த்தால் மாற்றமே தெரியாது. அந்த அரை மீற்றர் தண்ணீர் இப்படியொரு ஒடுங்கிய வாயால் போய்வர வேண்டியிருப்பதால் பாலத்தடியில் அது ஆறுபோல ஓடுகிறது. பறுவத்தையும் அமாவாசையையும் ஒட்டிய நாட்களில் ஓட்டம் இன்னும் பலமாக இருக்கும். தூண்டில் போடுகிறவர்கள் எந்தக் கைப்பிடிச் சுவரோரம் வரிசையாக நிற்கிறார்கள் என்று பாருங்கள். மீன் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பது அவர்களுக்குத் தெரியும். "நாநா, இப்ப தண்ணி ஏறுதா, வத்துதா?" என்று கேட்டுப் பாருங்கள். கேட்டவருக்குப் பதிலோடு அன்றைய மீன் நிலவரமும் சேர்ந்து கிடைக்கும்.

தம்பலகாமம் குடாவுக்கு ஒரு முத்து வரலாறும் உண்டு. மன்னார் முத்துக்குளிப்பு எல்லோருக்கும் தெரிந்தது. இந்தக் குடாவின் சேற்றில் வேறொரு சிப்பி வளர்ந்தது: தட்டையாய், மெல்லியதாய், ஒளி ஊடுருவும் ஓடு கொண்ட யன்னல் சிப்பி. கோவாவின் பழைய வீடுகளில் கண்ணாடிக்குப் பதிலாக யன்னல்களில் பதித்திருப்பது இந்த இனத்தின் ஓடுதான். அதன் முத்து சிறியது, நகைக்கு உதவாது. ஆனாலும் அதைக் குத்தகைக்கு விட்டு எடுத்தார்கள். பிற்காலத்தில் சென்னை மாகாண மீன்வளத் துறையை நடத்திய ஜேம்ஸ் ஹோர்னெல், இலங்கையில் இருந்த காலத்தில் இந்தக் குடாவின் சிப்பியைப் பற்றியே தனி அறிக்கை எழுதினார். பாலத்திலிருந்து மேற்கே பார்க்கும்போது சும்மா கிடக்கும் சேற்றுநீர் என்று நினைத்துவிடாதீர்கள்.

கிண்ணியாத் துறையடியில் காலைச் சாப்பாடு. இடியப்பமும் சம்பலும் மீன் ஆணமும் எந்தக் கடையிலும் சோடைபோவதில்லை. எருமைத் தயிர் இந்தப் பகுதியின் பெருமை. சட்டியோடு வாங்கினால் சைக்கிளில் கொண்டுபோக முடியாது, அங்கேயே சீனியோ பாணியோ சேர்த்துச் சாப்பிட்டுவிடுங்கள். கிண்ணியாவும் மூதூரும் பெரும்பாலும் முஸ்லிம் ஊர்கள். வெள்ளிக்கிழமை நண்பகல் ஜும்ஆ நேரத்தில் கடைகள் மூடியிருக்கும்; நோன்பு மாதத்தில் பகலில் சாப்பாட்டுக் கடை தேட வேண்டாம், தண்ணீரையும் உணவையும் கையோடு கொண்டுபோய் ஒதுக்கமான இடத்தில் சாப்பிடுங்கள்.

ஊர் முடிந்ததும் வீதியோரம் நெல் காயும். அறுவடை மாதங்களில் தாரின் ஓரப்பட்டியை விவசாயிகள் எடுத்துக்கொள்வார்கள். நாம்தான் விலகி ஓட்ட வேண்டும். டயர் ஒரு மணியையும் நசுக்கக் கூடாது. உப்பாற்றில் தண்ணீர் உவர். கரையில் கண்டல் காடு. மரங்களைப் பிரித்தறிய வேரைப் பாருங்கள். வளைந்த வேர்க்கால்களை ஊன்றித் தண்ணீருக்கு மேலே நிற்பது கண்டல். சேற்றிலிருந்து விரல் விரலாய்க் குச்சிவேர் நீட்டியிருந்தால், நடுவில் நிற்பது கண்ணா. கரைக்குச் சற்று மேலே, உப்புக் குறைந்த இடத்தில், தில்லை நிற்கலாம். அதன் பால் கண்ணில் பட்டால் பெருந்துன்பம், கிளையை ஒடிக்காதீர்கள். இறங்கி நிற்கிற இடத்தில் எந்த மரம் இருக்கிறது என்று தெரிந்தால், கடல் அங்கே எவ்வளவு தூரம் வந்துபோகிறது என்று நாக்கில் வைத்துப் பார்க்காமலே சொல்லலாம்.

அடுத்தது மகாவலியின் மேல் நிற்கும் கங்கைப் பாலம். அவசரக்காரர்கள் மற்றதையெல்லாம் விட்டாலும் இதை விடக்கூடாது. இங்கே தண்ணீரின் நிறம் மாறிவிடும். ஹற்றன் பக்கத்து மலைகளிலிருந்தும் நுவரெலியாவிலிருந்தும் தேயிலைச் சரிவுகளின் மழைநீரும் மண்ணும் இறங்கி, கண்டியைச் சுற்றிக்கொண்டு இங்கே வந்து முடிகின்றன. 1976இல் பொல்கொல்லையில் ஆற்றின் ஒரு பங்கு வடக்கே திருப்பப்பட்டது. 1985இல் விக்ரோறியா அணை வந்தது. கடைசியில் வெருகல் ஆறு வேறு தனியாகப் பிரிந்து தெற்கே போய்விடுகிறது. எல்லோரும் எடுத்துக்கொண்ட பிறகு எஞ்சியதுதான் இந்தப் பாலத்தடியில் வருகிறது. அப்படியும் மழை முடிந்த கையோடு பார்த்தால் அதன் அகலம் நெஞ்சை நிறைக்கும்.

ஆற்றுநீர் இலேசானது, கடல்நீர் கனமானது. இரண்டும் சந்திக்கும்போது உடனே கலப்பதில்லை. நன்னீர் மேலே வழிய, உப்புநீர் அடியில் ஆப்புப்போல உள்ளே ஏறும். முகத்துவாரப் பக்கம் பார்வையை ஓட்டினால் தண்ணீரில் ஒரு கோடு தெரியும். நுரையும் சருகும் ஒரே வரியில் மிதக்கும். ஒரு பக்கம் பழுப்பு, மறுபக்கம் பச்சை. அந்தக் கோட்டில்தான் சிறுமீன்கள் கூடும், ஆலாக்கள் விழுந்து விழுந்து எழும், செம்பருந்து வட்டமிடும். பறவை பார்க்கப் போகிறவர்கள் மரத்தைத் தேடாமல் இந்தக் கோட்டைத் தேடட்டும். வறண்ட மாதங்களில் கோடு ஆற்றுக்குள்ளே ஏறிவிடும். மாரியில் குடாவுக்குள்ளே தள்ளப்படும். வருடத்தில் இருமுறை வந்து பார்க்கிறவர்களுக்கு இந்த நகர்வே போதிய விருந்து.

இறால்குழியைத் தாண்டினால் மூதூர். 1660இல் ஆங்கிலக் கப்பற்காரன் றொபேர்ட் நொக்ஸ் தந்தையோடும் தோழர்களோடும் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டது இந்தக் கரையில்தான். புயலில் அடிபட்ட கப்பலைச் செப்பனிட இந்தக் குடாவுக்குள் வந்தார்கள். அவர் தப்பிப் போக ஏறத்தாழ 20 ஆண்டுகள் ஆயின. இறங்குதுறையில் நின்றால் எதிரே, காலையில் புறப்பட்ட திருகோணமலைக் குன்றுகள் தெரியும்.

இந்த வழியில் 2004இன் கடலும் 2006இன் போரும் எடுத்த உயிர்கள் பல. இடிந்த சுவர்களைப் படம் எடுக்குமுன் பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை கேளுங்கள். அவர்களாகப் பேசினால் இருந்து கேளுங்கள்.

மூதூருக்கு அப்பால் கட்டைபறிச்சான், சம்பூர் வழியாகக் குடாவின் வெளிமுனையில் உள்ள பழைய வெளிச்சவீட்டுப் பக்கம் போக ஆசை வரும். இன்னொரு நாளை ஒதுக்க முடிந்தால் மட்டும் போங்கள். வெருகல் பக்கம் போகிறவர்கள் பொழுது சாயுமுன் ஓர் ஊருக்குள் வந்துவிட வேண்டும். அது யானை நடமாடும் வழி. கையில் ஒரே ஒரு காலைதான் இருக்கிறதென்றால் மூதூரையும் விட்டுவிடலாம். கிண்ணியாப் பாலத்தில் ஒரு மணி நேரம், கங்கைப் பாலத்தில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டு, வெயில் ஏறுமுன் திரும்புங்கள்.