ஏட்டில் ஏறாதவர்கள்

அரசர்களின் ஆண்டுக் கணக்கையே வரலாறு எனக் கற்றுப் பழகிய நமக்கு, ரிக்லி, ஸ்கோபீல்டு ஆகிய இருவரும் 1981-இல் வெளியிட்ட ‘இங்கிலாந்தின் மக்கள் தொகை வரலாறு, 1541–1871’ என்னும் பெருநூல் வேறொரு வரலாற்றைக் காட்டுகிறது. மணந்தோரும் மகப்பெற்றோரும் மடிந்தோருமே அதன் மாந்தர்.

1538-இல் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல், ஒவ்வொரு பங்கின் குருவும் தம் கோயிலில் நடைபெறும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றை ஏட்டில் எழுதிவர வேண்டுமெனக் கட்டளையிட்டார். (ஒரு தேவாலயத்தைச் சார்ந்த ஊர்ப்பகுதியைக் கிறிஸ்தவர்கள் பங்கு என்பர்.) அவற்றுள் 404 பங்குகளின் ஏடுகளை உள்ளூர் ஆர்வலர்கள் ஊதியமின்றி மாதவாரியாக எண்ணிக் கொடுத்தனர். நூலின் அடித்தளம் அவர்களது உழைப்பே.

பெருமக்கள் மறைந்த நாளைப் பேணிய நூல்கள் அரபியில் பல. இப்னு கல்லிகானின் புகழ்பெற்ற நூலுக்குப் பெயரே ‘சான்றோரின் மறைவுகள்’ என்பதுதான். ஆனால் ஒரு கூலியாளின் மகள் எந்த வயதில் மணந்தாள் என்று அவற்றில் தேடுவது வீண். இங்கோ அது கிடைக்கிறது! முற்காலப் பெண்கள் பூப்பெய்தியதும் மணமுடிக்கப்பட்டனர் என்னும் எண்ணம் இங்கிலாந்தின் மட்டில் பொய்யாகிறது. பதினேழாம் நூற்றாண்டில் அங்குப் பெண்களின் சராசரி முதல் மண வயது 25-க்கும் மேல். பதினெட்டாம் நூற்றாண்டில் மக்கள் பெருகியதற்கு, இறப்புக் குறைந்ததைவிட மண வயது இறங்கியதே பெரிய காரணம் என்கின்றனர் ஆசிரியர்கள்.

சான்று கூறுபவர் எதனைக் கண்டார் என்று முதலில் கேட்க வேண்டும். குரு எழுதியது ஞானஸ்நானத்தை; பிறப்பையன்று. அதற்குமுன் இறந்த பச்சிளங் குழந்தை ஏட்டில் ஏறவில்லை. காலப்போக்கில் பிறப்புக்கும் ஞானஸ்நானத்துக்கும் இடைவெளி நீண்டது. குவேக்கர் போன்றோர் அக்கோயிலுக்கே செல்லவில்லை. ஆசிரியர்கள் இவற்றை மறைக்கவில்லை. விடுபட்டோரை மதிப்பிட்டுச் சேர்த்துள்ளனர். ஆனால் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலும் அதை அடுத்தும்தான் ஏடுகள் மிகவும் குறையுடையன. அரசாங்கப் பதிவு 1837-இல்தான் தொடங்கிற்று. ஆகவே, நூலின் தலையாய வாதம் எந்தக் காலத்தைப் பற்றியதோ, அந்தக் காலத்திலேயே ஏட்டின் எண்ணைவிட ஆசிரியர்களின் மதிப்பீட்டுக்கு வேலை மிகுதி. பீட்டர் ரேசல் என்னும் ஆய்வாளர் இவ்வேடுகளின் நம்பகத்தன்மையை நெடுங்காலம் மறுத்துவந்தது வீண் பிடிவாதமன்று என்றே கருதுகிறோம்.

1997-இல் இவர்களே வேறிருவருடன் சேர்ந்து, 26 பங்குகளில் பெயருக்குப் பெயர் பொருத்திக் குடும்பங்களை மீட்டமைத்து இன்னொரு நூல் வெளியிட்டனர். அது முந்தைய முடிவுகளைப் பெரிதும் உறுதிப்படுத்துகிறது. ஆயினும் அம்முறை, பிறந்த ஊரிலேயே மணந்து மடிந்தவரையே நன்கு காணும். பிழைப்புத் தேடி லண்டனுக்குப் போன பணிப்பெண்ணின் பெயர் ஞானஸ்நான ஏட்டோடு நின்றுவிடுகிறது.