தில்லியின் ஓராண்டும் மூன்று படக்கருவிகளும்

ஒரு நகரிலே ஓராண்டில் நிகழும் விழாக்களையும் ஊர்வலங்களையும் கூட்டங்களையும் படம்பிடித்து வரிசையாக அடுக்கிவிட்டால் அவ்வாண்டின் வரலாறு கைக்கு வந்துவிடும் எனக் கருதுவார் பலர். படம் பொய் சொல்லாது என்னும் நம்பிக்கையே இக்கருத்துக்கு அடிப்படை. படம் பொய் சொல்லாதிருக்கலாம். ஆயின் தன் சட்டத்துக்கு வெளியே நின்றதைப் பற்றி அது வாய் திறப்பதில்லை. இதனை ஆராய்வதற்கு 1947 ஆனி தொடங்கி 1948 ஆனி வரையுள்ள தில்லியின் படங்கள் மிகப் பொருத்தமானவை. அவ்வாண்டிலே பேரரசு ஒன்று விலகிற்று, நாடு இரண்டாயிற்று, காந்தியடிகள் கொலையுண்டார். இவற்றைப் படம்பிடித்தோர் பலருள் மூவரை மட்டும் ஈண்டு நோக்குவாம்.

முதலாமவர் ஹோமாய் வியாரவாலா. 1913இல் குசராத்திலுள்ள நவசாரியிற் பிறந்த பார்சிப் பெண்மணி, பம்பாயில் ஜே. ஜே. கலைக்கல்லூரியிற் பயின்றவர், 1942இல் தில்லிக்கு வந்து பிரித்தானியத் தகவற் சேவையிற் பணிபுரிந்தவர். இந்தியாவின் முதற் பெண் பத்திரிகைப் படப்பிடிப்பாளர் என இவரைப் போற்றுவர். ஆடவர் மட்டுமே நின்ற கூட்டத்தில், சேலையுடன், பாரமான படக்கருவியைச் சுமந்து நின்று எடுத்த படங்கள் இவருடையவை. 1947 ஆவணி 16இல் செங்கோட்டையிற் கொடி ஏறியது (அது 15இல் நிகழ்ந்ததென்றே இன்றும் பலர் எண்ணுகின்றனர்), மறு தையிற் காந்தியடிகளின் இறுதிக் கிரியை, 1948 ஆனி 21இல் மௌண்ட்பேற்றன் பிரபு இராசாசியிடம் பதவியை ஒப்படைத்து விடைபெற்றது ஆகிய யாவும் இவர் கருவியிற் பதிந்தன. இவற்றிலே ஒழுங்கு உண்டு, கண்ணியம் உண்டு, தலைவர்களின் நம்பிக்கையைப் பெற்ற ஒருவர்க்கே வாய்க்கும் அண்மையும் உண்டு. குறை கூறுவதாயின் ஒன்று கூறலாம். இப்படங்களிலே முகம் பெரும்பாலும் தலைவர்க்கே உரியது. மக்கள் திரளாகவே நிற்கின்றனர்.

இவருடைய படங்களுள் என் நெஞ்சை விட்டு நீங்காதது ஒன்று. 1947 ஆனியிற் காங்கிரசுக் கூட்டமொன்று பிரிவினைத் திட்டத்தை ஏற்று வாக்களிக்கின்றது. மண்டபத்திலே கைகள் உயர்ந்து நிற்கின்றன. அவ்வளவே. அழுகையில்லை, ஆரவாரமில்லை. தனியே பார்ப்பவனுக்கு இஃது எந்தச் சங்கத்தின் பொதுக்கூட்டமாகவும் தோன்றலாம்.

இதன் அருகே வேறொரு படத்தை வைத்துப் பார்த்தல் வேண்டும். பிரெஞ்சு நாட்டவரான ஆன்றி காட்டியே பிறெசோன் அதே ஆண்டின் இலையுதிர் காலத்திற் குருக்ஷேத்திரத்து அகதி முகாமில் எடுத்த படம் அது. மூன்று இலட்சம் பேர் தங்கியிருந்ததாகக் கூறப்படும் முகாம். சோர்வும் விரக்தியும் நீங்குதற்பொருட்டு அங்கே உடற்பயிற்சி நடத்தினர். புழுதி நிலத்திலே மனிதர் கைகளை வானோக்கி வீசி நிற்கின்றனர். முன்னதிற் கைகள் முடிவு செய்தன. பின்னதிற் கைகள் அம்முடிவைச் சுமந்தன. இவ்விரு படங்களை எடுத்தோரும் மற்றவர் படத்தை எண்ணிப் பார்த்து எடுத்தாரல்லர். பொருள் இரண்டிற்கும் இடையிலே பிறக்கின்றது. வாக்கெடுப்பின் படம் பொய்யன்று. துணையின்றி நிற்கும்போது அரைவாசி ஊமை.

மூன்றாமவர் அமெரிக்கரான மார்கரெட் பூர்க் வைற். நோயுற்ற மனைவியைத் தோளிற் சுமந்து நடக்கும் முதியவரின் படம் முதலாகப் பஞ்சாபின் பெயர்வை உலகறியச் செய்தவை 'லைஃப்' இதழில் வந்த இவருடைய படங்களே. அமைப்பின் வலிமையில் இவரை விஞ்சுவார் அரியர். எனினும் நடந்துகொண்டிருந்த அகதிகளை இவர் திரும்பத் திரும்பப் பின்னே போய் மீண்டும் நடந்து வரச் செய்தார் என உடன் சென்ற செய்தியாளர் பின்னாளிற் கூறியுள்ளார். அதனை அறிந்தபின் அப்படங்களை முன்போலப் பார்த்தல் எனக்கு இயலவில்லை. துன்பம் மெய்யானதே, ஆனால் அத்துன்பத்தை ஒருமுறை கூடுதலாக அனுபவிக்கச் செய்வதற்கு யார் உரிமை கொடுத்தார்? காந்தியடிகளின் உடல் கிடந்த அறையிலும் இவர் மின்னொளியுடன் படமெடுக்க முயன்று வெளியேற்றப்பட்டார் என்று இவர் வரலாற்றை எழுதியோர் குறிப்பர்.

அதே இரவில் காட்டியே பிறெசோன், மின்னொளி பயன்படுத்தாத தம் சிறிய லைக்காவுடன் பிர்லா மாளிகையின் வாயிலில் நின்றார். நேரு ஏறி நின்று மரணத்தை அறிவிக்கின்றார். படம் தெளிவற்றது, ஆட்டங் கண்டது, தேர்வுக்கு அனுப்பினாற் புள்ளி கிடையாது. ஆனால் அன்றிரவு தில்லி மக்களின் கண்ணுக்கு எது தெரிந்ததோ அதுவே அதிலும் தெரிகின்றது. சில நாளின் பின் அத்தி அலகாபாத்துக்குப் புகைவண்டியிற் கொண்டு செல்லப்பட்டபோதும் இவர் கருவி நெருக்குண்ட மக்களின் பக்கமே திரும்பிற்று. (1950 சித்திரையில் திருவண்ணாமலையில் இரமண மகரிஷியின் இறுதிப் படங்களை எடுத்தவரும் இவரே.)

நம் கல்லூரிகளின் ஆண்டு மலர்களைப் புரட்டுவோர்க்கு இவ்வேறுபாடு அந்நியமானதன்று. பரிசளிப்பு விழாவில் மாலையணிந்த பிரதம விருந்தினர் ஆண்டுதோறும் அச்சேறுகின்றார். பரிசு பெறாது பின்வாங்கில் இருந்து கைதட்டிய மாணவனை எந்த மலரிலும் நான் கண்டதில்லை. முப்பது ஆண்டின் பின் பழைய மாணவர் தேடுவது அவனைத்தான்.

வியாரவாலாவுக்குத் திரும்புவோம். 1948 தை 30ஆந் திகதி மாலைப் பிரார்த்தனைக் கூட்டத்துக்குச் செல்ல அவர் புறப்பட்டிருந்தார். மறுநாள் இருவருமாகப் போகலாம் எனக் கணவர் கூறவே திரும்பிவிட்டார். அதனை எண்ணி அவர் வாழ்நாள் முழுவதும் வருந்தினார். பூர்க் வைற்றும் காட்டியே பிறெசோனும் அன்று காந்தியடிகளைச் சந்தித்துவிட்டு அந்நேரத்துக்கு முன்னரே அகன்றிருந்தனர். அவ்வாண்டின் தலையாய நிகழ்ச்சி நடந்தபோது மூன்று கருவிகளுள் ஒன்றும் அம்முற்றத்தில் இல்லை. மறுநாள் யமுனைக் கரையிலே சிதையருகில், அழும் கூட்டத்தின் நடுவே, வியாரவாலா தம் கருவியை உயர்த்தி நின்றார்.