பூட்டு மட்டும் போதுமா? 'ஏரீஸ்' கட்டுரை பற்றி ஒரு குறிப்பு

1992 மார்ச்சில் ஏ.சி.எம். ஆய்விதழில் வந்த 'ஏரீஸ்' கட்டுரை மொத்தம் 69 பக்கம். எழுதிய ஐவரில் முதல் பெயர் சி. மோகன். சென்னை ஐ.ஐ.டி.யில் படித்து, பிறகு ஐ.பி.எம். ஆய்வகத்துக்குப் போனவர். சிஸ்டம் பாதியில் விழுந்தால், லாக்கை வைத்து டேட்டாவை எப்படி மீட்பது என்பதுதான் விஷயம். டேட்டாபேஸுக்காக எழுதியது. ஆனா ஃபைல் சிஸ்டம் மீட்புக் கோடு எழுதறவங்களும் படிக்கணும்.

காலேஜில் இதை மூன்று கட்டமாகச் சுருக்கிச் சொல்லிவிடுகிறார்கள்: லாக்கை ஆராய், விட்டதைத் திரும்பச் செய், முடியாததை ரத்து செய். அவ்ளோதான். ரேஸ் கண்டிஷன் ஒளிந்திருப்பது இந்தச் சுருக்கத்துக்கு வெளியேதான்.

நம்ம திருப்பூர் கணக்கிலேயே பார்ப்போம். நிட்டிங் குடோனின் இருப்பு ஒரு பேஜில் இருக்கிறது. கடைசியாக ஏறியது 49-ஆம் பதிவு. லாக்கில் மிச்சம் இரண்டு. 50: 10 ரோல் வரவு. 51: 4 ரோல் டையிங்குக்கு டெலிவரி. பேஜிலுள்ள எண்ணைவிடப் பதிவு எண் பெரிதாக இருந்தால் மட்டும் ஏற்று, ஏற்றியதும் பேஜில் அந்த எண்ணைப் போடு. இதுதான் ஏரீஸ் விதி.

வேகத்துக்காக இரண்டு த்ரெட் விடுகிறோம். இரண்டுமே 50-ஐ எடுத்து, ஒரே சமயத்தில் 49-ஐப் பார்த்தால் 10 ரோல் இருமுறை ஏறும். சரி, பார்ப்பதையும் ஏற்றுவதையும் ஒரே பூட்டுக்குள் வைக்கலாம். ஆனால் 51 முந்திக்கொண்டால்? பேஜில் 51 விழும். பின்னால் வரும் 50, 'ஏற்கெனவே ஆச்சு' என்று தாண்டிவிடும். 10 ரோல் காணோம்! பூட்டு சரியாக வேலை செய்தும் கணக்கு தப்பு.

சரியான திருத்தம், ஒரு பேஜின் பதிவுகளை லாக் வரிசை மாறாமல் ஒரே த்ரெட்டிடம் கொடுப்பது. வேறுவேறு பேஜ்கள் முன்பின்னாகப் போகலாம். கட்டுரையில் இது தெளிவாகவே இருக்கிறது. என் குறை, அத்தனை பக்கங்களுக்கு நடுவில் சில வரிகளாக அடங்கிவிட்டது என்பதுதான்.

லினக்ஸின் எக்ஸ்ட்4 வழக்கமான ஜர்னலில் முழு பிளாக்கையே எழுதி வைக்கிறது. மவுண்ட் முடியும் முன்பே வரிசையாக ஏற்றிவிடுகிறது. இந்தச் சிக்கல் அங்கே வராது. விலை, காத்திருப்பு.

மீட்புக் கோடில் 'பூட்டு சேர்த்தாச்சு' என்று பேட்ச் வந்தால், வரிசைக்கு யார் பொறுப்புன்னு ஒரு கேள்வி கேளுங்க.