மேற்கே பெய்த மழை

லால்பேட்டையில் மலை கிடையாது. ஊருக்கு உயரமான இடம் என்றால் வீராணம் ஏரிக்கரைதான். சேத்தியாத்தோப்பு வரை 16 கி.மீ. நீளும் அந்தக் கரையில் ஏறி நின்றால் ஒரு பக்கம் தண்ணீர். மறுபக்கம், தண்ணீர் மட்டத்துக்கும் தாழ்வாக, வயலும் வெற்றிலைக் கொடிக்காலும். குளிர்காலத்தில் மலையேறப் புறப்படுமுன் வானத்தையும் வழியையும் கணிக்கும் கலையைப் பற்றிப் பேச இந்த ஊரிலிருந்தா தொடங்குவது என்று கேட்கலாம். அந்தக் கலையின் கடினமான பாடத்தை மலையடிவாரத்துக்காரர்களைவிட இந்தக் கரையோரத்து ஆட்கள் நன்றாகக் கற்றிருக்கிறார்கள் என்பது என் கட்சி.

ஐப்பசி, கார்த்திகையில் இங்குள்ள டீக்கடைப் பேச்சைக் கேட்க வேண்டும். ஊரில் எவ்வளவு பெய்தது என்பது பேச்சே இல்லை. அதுதான் நனைந்த எல்லோருக்கும் தெரியுமே. "மேக்க எப்படி?" என்பதுதான் கேள்வி. மேற்கு என்றால் ஜெயங்கொண்டம், ஆண்டிமடம், அந்தச் செம்மண் முந்திரிக்காட்டுச் சீமை. அங்கே பெய்வது செங்கால் ஓடை, கருவாட்டு ஓடை வழியாக ஏரிக்குள் இறங்கும். கீழணையில் பிரிந்து வடவாற்றில் வரும் கொள்ளிடத்துத் தண்ணீருக்கு ஷட்டர் உண்டு, அளவு உண்டு, கேட்டால் பதில் சொல்ல அதிகாரி உண்டு. ஓடைக்கு அப்படி யாரும் இல்லை. ஏரியின் முழு மட்டம் 47.50 அடி, கொள்ளளவு 1,465 மில்லியன் கன அடி. அந்த மட்டத்தை ஒட்டி நிற்கும்போது மேற்கே கொட்டித் தீர்த்தால், லால்பேட்டை வெள்ளியங்கால் ஓடை மதகைத் திறந்தாக வேண்டும். திருநாரையூர், குமராட்சிப் பக்கத்து வயல்களில் சுள்ளென்று வெயில் அடித்துக்கொண்டிருக்கும், வெள்ளம் வந்துகொண்டிருக்கும்.

தலைக்கு மேல் உள்ள வானத்தை எவரும் படித்துவிடலாம். நேற்று வேறெங்கோ இருந்த வானத்தைப் படிப்பவர்தான் கைதேர்ந்தவர்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தவர்கள் கொடிக்கால்காரர்கள். வெற்றிலைக்கொடிக்கு ஈரம் இல்லாமலும் ஆகாது, தண்ணீர் தேங்கினாலும் ஆகாது. இரண்டு நாள் நின்றால் வேர் அழுகிக் கொடி வாடிவிடும். அதனால் அவர்கள் மழையைப் பார்ப்பதோடு விடுவதில்லை, மழை வடிகிற வேகத்தையும் பார்ப்பார்கள். அகத்தி வரிசைகளுக்கு நடுவே வாய்க்காலில் நிற்கும் தண்ணீர் காலையிலிருந்து எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று குனிந்து பார்த்துவிட்டு நிமிர்கிறார்களே, அதில் ஒரு வித்வானின் நிதானம் இருக்கிறது. மண் இன்னும் குடிக்குமா, குடித்து முடித்துவிட்டதா என்பதுதான் அந்தப் பார்வையின் கேள்வி. மலைச்சரிவில் நிற்பவர் கேட்க வேண்டியதும் அதே கேள்விதான்.

வானிலை ஆய்வு மையம் வெளியிடும் மழைப் பட்டியலை ரசித்துப் படிப்பவர்கள் என்று ஒரு தனிச்சாதி உண்டு. நானும் அதில் சேர்ந்தவன். காலை 8.30 வரையிலான 24 மணி நேரக் கணக்கு அது. பெரும்பாலோர் தங்கள் ஊரை மட்டும் தேடிவிட்டு மூடிவிடுவார்கள். லால்பேட்டைக்கு எதிரில் என்ன எண் இருக்கிறது என்பதைவிட, ஜெயங்கொண்டத்துக்கு எதிரில் என்ன இருக்கிறது என்பதுதான் சுவாரஸ்யம். மலைக்குப் போகிறவர் அடிவார ஊரை விட்டுவிட்டு, மலைக்கு மேலேயும் மறுபுறமும் உள்ள மழைமானிகளைத் தேடிப் பிடிக்க வேண்டும். காரைக்கால் ரேடார் படம் இந்த நிமிஷத்து மழையைக் காட்டும். பாறைக்கு அடியில் ஊறிக் கிடக்கும் நேற்றைய மழையைக் காட்டாது.

பழைய குறிகளையும் நான் தள்ளிவிடுவதில்லை. நிலாவைச் சுற்றிக் கோட்டை கட்டினால் மழை என்பார்கள். எட்டக் கோட்டை கட்டினால் கிட்ட மழை என்பது கணக்கு. வெறும் நம்பிக்கை என்று ஒதுக்க முடியாத நுட்பம் இதில் இருக்கிறது. நிலாவை ஒட்டிய சின்ன வளையம் தாழ்ந்த மேகத்தின் நீர்த்துளிகளால் ஆனது. தள்ளி நிற்கும் பெரிய வளையமோ மிக உயரத்து மெல்லிய மேகத்தின் பனிப்படிகங்களால் ஆனது. பெரிய மழைக்கூட்டம் வருவதற்கு முன் தூதுபோல் பரவுவது பெரும்பாலும் அந்த மெல்லிய மேகம்தான். தட்டான் தாழப் பறந்தால் மழை என்பதைப் பற்றி எனக்கு அவ்வளவு நிச்சயமில்லை.

லால்பேட்டையிலிருந்து வளைகுடாவுக்குப் போனவர்கள் ஏராளம். அங்கே மலையேற்றத்துக்கு நவம்பர் முதல் மார்ச் வரைதான் காலம். ராஸ் அல் கைமாவில் சுமார் 1,900 மீட்டர் உயர ஜெபல் ஜைஸ், ஓமனில் அதைவிட உயரமான ஜெபல் ஷம்ஸ். வாரவிடுமுறையில் தமிழ்ப் பையன்களும் ஏறுகிறார்கள். மண்ணே இல்லாத மொட்டைப் பாறை மலைகள் அவை. பெய்த மழை எதிலும் ஊறுவதில்லை. அப்படியே உருண்டு, அவர்கள் வாடி என்று சொல்லும் வறண்ட பள்ளத்தாக்கில் இறங்கிவிடும். கூடாரம் போட்ட இடத்தில் தூறல்கூட இல்லாதபோது, கண்ணுக்கெட்டாத முகட்டில் பெய்த மழை மரம் மட்டையோடு வந்து அள்ளிப்போகும். அமீரகத்தில் 2023இல் வந்த விதிப்படி, மழை நேரத்தில் வாடிகளின் அருகே கூடினால் 1,000 திர்ஹம் அபராதம். வெள்ளம் ஓடும் வாடிக்குள் வண்டியை இறக்கினால் 2,000 திர்ஹமோடு வண்டியும் 60 நாள் முடங்கும். வீராணக்கரையில் வளர்ந்தவனுக்கு இந்த விதியை யாரும் விளக்க வேண்டியதில்லை. செங்கால் ஓடைக்கு அரபி பெயர் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

நம் மலைகளில் குளிரைக் கணிப்பது சற்று வேறு. ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6.5 டிகிரி குறையும் என்பது பொதுக்கணக்கு. மார்கழி விடியலில் லால்பேட்டையில் 22 டிகிரி என்றால் 2,240 மீட்டர் உயர உதகையில் ஏழெட்டு டிகிரி இருக்க வேண்டும். ஆனால் தலைகுந்தாவிலும் அவலாஞ்சியிலும் புல் வெள்ளையாக உறைந்து கிடக்கிறதே? மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரை தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிடுகிறது. குளிர்ந்து கனத்த காற்று சரிவில் வழிந்து பள்ளத்தில் போய்த் தேங்குகிறது. கூடாரத்துக்குப் பள்ளம் அடக்கமான இடம் என்று தோன்றும். விஷயம் தெரிந்தவர் இருபதடி மேலே போய்த்தான் படுப்பார். நம் ஊர் மார்கழி மூடுபனியும் இதே இரவின் வேலைதான், என்ன, இங்கே ஈரம் அதிகம், குளிர் குறைவு.

வழியைப் படிப்பதில்தான் இந்தக் கலை உச்சத்துக்குப் போகிறது. ஓடையைக் கடக்குமுன் தண்ணீரின் ஆழத்தைப் பார்ப்பவர் ஆரம்பப் பாடத்தில் இருக்கிறார். தேர்ந்தவர் நிறத்தைப் பார்ப்பார்: தெளிந்த நீர் கலங்கத் தொடங்கினால், புதிதாகச் சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால், மேலே மழை பிடித்துவிட்டது. காதைக் கொடுத்தால் கல் உருளும் ஓசை கேட்கும். ஓடிக்கொண்டிருந்த ஓடை காரணமில்லாமல் வற்றினால் சந்தோஷப்படாமல் விலகிவிடுவார்; மேலே மரமோ மண்ணோ விழுந்து அடைத்திருக்கலாம், அந்த அடைப்பு எப்போதும் நிற்காது. 2015 மே மாதம் சதுரகிரியில் காட்டாற்று வெள்ளம் பக்தர்களை அடித்துச் சென்றதும் வனத்துறை மழை நாட்களில் பாதையை மூடுவதும் எல்லோருக்கும் தெரியும். பாதை மூடிய அறிவிப்பைப் பார்த்து முணுமுணுப்பவர்கள்மீது எனக்கு அனுதாபம் இல்லை.

சரிவுக்கும் இதுபோன்ற குறிகள் உண்டு. குறுக்கே ஓடும் புதிய வெடிப்பு, ஒரே பக்கம் சாய்ந்த மரங்கள், நேற்றுவரை காய்ந்திருந்த இடத்தில் கசியும் நீர், தெளிந்த ஊற்று திடீரெனச் சேறாவது. இவை மழை நின்ற பிறகும் தோன்றும். மண்துகள்களுக்கு இடையே புகுந்த நீர் அவற்றின் பிடியைத் தளர்த்திவிட்டால், வெளுத்த வானத்தின் கீழேயே சரிவு இறங்கும்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, நகராமல் நின்று கொட்டியது. மறுநாள் திருவண்ணாமலையில் வ.உ.சி. நகர் வீட்டின்மேல் மலையிலிருந்து மண்ணும் பாறையும் சரிந்து ஏழு பேர் இறந்தார்கள். டிசம்பர் 13 கார்த்திகை தீபம். 2,668 அடி உயர மலையில் அதுவரை வழக்கமாக அனுமதிச் சீட்டோடு பக்தர்கள் ஏறுவார்கள். அந்த ஆண்டு நிபுணர் குழு மலைமேல் போய் ஈர மண்ணையும் உருளக்கூடிய பாறைகளையும் பார்த்து வந்தது. பக்தர்களுக்கு அனுமதி இல்லை என்று முடிவாயிற்று. கொப்பரையும் நெய்யும் திரியும் சுமக்க வேண்டியவர்கள் மட்டும் ஏறினார்கள், தீபம் எரிந்தது. தீப நாளன்று வானம் எப்படி இருக்கும் என்பதை அந்த நிபுணர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பன்னிரண்டு நாளுக்கு முன் பெய்தது மலைக்குள் இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதைத்தான் பார்த்தார்கள். லால்பேட்டை டீக்கடையில் அந்த முடிவைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.