தூதுரையும் கவியுரையும்: ஒக்தாவியோ பாஸின் இந்தியப் பணிக்காலம்

முன்னுரை

தூது தமிழிலக்கியத்திற்குப் புதிய பொருளன்று. தலைவன் பிரிவுக்குரிய காரணங்களுள் ஒன்றாகத் தொல்காப்பியம் அதனைச் சுட்டுகிறது. திருக்குறள் 69ஆம் அதிகாரத்தை முழுமையும் தூதுக்கே ஒதுக்குகிறது. அவ்வதிகாரத்திற்கு உரை வகுத்த பரிமேலழகர், தூதுவரைத் தான் வகுத்துக் கூறுவார் எனவும் கூறியது கூறுவார் எனவும் இருவகைப்படுத்துகிறார். அரசுப் பணியில் அமர்ந்த ஒரு கவிஞரை மதிப்பிடுவதற்கு இப்பாகுபாடு பெரிதும் பயன்படும். மெக்சிகோவின் கவிஞரும் 1962 முதல் 1968 வரை இந்தியாவில் அந்நாட்டின் தூதராகப் பணியாற்றியவருமான ஒக்தாவியோ பாஸின் வாழ்வையும் படைப்பையும் அந்நோக்கில் இக்கட்டுரை ஆராய்கிறது.

பணியும் படைப்பும்

1914இல் பிறந்த பாஸ், 1945இன் இறுதியில் பாரிஸ் தூதரகத்தில் பணியேற்றார். மெக்சிகோ மக்களின் மனவியல்பை ஆராயும் ‘தனிமையின் புதிர்வழி’ (1950) அங்கிருந்த காலத்தில் உருவாயிற்று. 1951இல் இளநிலை அலுவலராக இந்தியா வந்து, சில மாதங்களில் தோக்கியோவிற்கு மாற்றப்பட்டார். 1962இல் தூதராகத் தில்லிக்குத் திரும்பியபோது ஆப்கானித்தானமும் இலங்கையும் அவர் பொறுப்பில் இருந்தன. ‘கிழக்குச் சரிவு’ (1969) தொகுப்பில் தில்லியின் லோதித் தோட்டமும் உதயப்பூரும் கொச்சியும் உதகமண்டலமும் ஹெராத் நகரமும் இடம்பெறுவது இப்பணிப் பயணங்களின் விளைவே.

பாஸைப் பற்றிய திறனாய்வுகளில் ஒரு போக்கு அடிக்கடி காணப்படுகிறது. தூதரை ஒருபுறமும் கவிஞரை மறுபுறமும் நிறுத்தி, 1968இல் கவிஞர் தூதரை வென்றார் என முடிப்பது அப்போக்கு. இது கேட்பதற்கு இனிது. ஆயின் கவிதைகள் இதற்குச் சான்று பகரவில்லை. தூதுப்பணி பாஸின் கவிதைக்குப் புறத்தே நின்ற சுமையன்று. அக்கவிதையின் அமைப்பையே அது ஓரளவு தீர்மானித்துள்ளது.

மதுரைக் கவிதை

இத்தொகுப்பிலுள்ள ‘மதுரை’ என்னும் குறுங்கவிதை இதற்குத் தக்க சான்று. ஆங்கிலேயர் நீங்கிய ஆங்கிலேய மன்றத்தில், ஆரஞ்சுச் சாறு அருந்தியபடி ஒரு தமிழ்த் தொழிலதிபர் தம் ஊரின் பெருமைகளை அடுக்குகிறார். பெரிய கோயிலும் பெரிய வாகனப் பணிமனையும் அவர் பேச்சில் ஒரே நிரையில் வைக்கப்படுகின்றன. அவர் நடத்தும் சுற்றுலாப் பேருந்து நிறுவனத்தின் பெயரில் இலிங்கம் இடம்பெறுகிறது. இதுவரை இஃது அங்கதக் கவிதை. ஆனால் அப்பேச்சின் ஊடே அடைப்புக்குறிகளுக்குள் வேறொரு குரல் மீனாட்சியையும் மீன்களாகிய விழிகளையும் நினைந்து கொள்கிறது.

விருந்தினராக அமர்ந்திருக்கும் தூதர் மறுத்துரைக்க இயலாது. எள்ளி நகைக்கவும் இயலாது. கேட்டுக்கொண்டிருப்பதே அவர் கடன். அவர் வாய்திறந்து சொல்ல முடியாதது அடைப்புக்குறிக்குள் கவிதையாகிறது. அவையறிந்து அடங்கும் தூதரின் மௌனத்தையே பாஸ் இங்கு ஒரு யாப்பு உத்தியாக மாற்றியுள்ளார் எனலாம். மேலும், அங்கயற்கண்ணி என்னும் பெயரின் பொருளே அவ்வடைப்புக்குறிக்குள் விரிவது தமிழறிந்தோர்க்கு எளிதில் புலனாகும்.

எனினும் இக்கவிதையின் எல்லையையும் சுட்டுதல் வேண்டும். சங்கம் இருந்ததாக மரபு போற்றும் நகரில் பாஸ் கேட்டவை வணிகமும் வழிபாடும் மட்டுமே. புலவர் குரல் ஒன்றும் அவர் செவியில் விழவில்லை. 1995இல் வெளிவந்த ‘இந்தியாவின் கீற்றுகள்’ நூலில் பழங்கவிதை பற்றிய பகுதியும் வடமொழிக் குறுங்கவிதைகளையே சார்ந்து நிற்கிறது. தில்லியை மையமாகக் கொண்ட தூதரக வாழ்வு தந்த பார்வை இது. பணி திறந்துவிட்ட வாயில்கள் பல. அப்பணியே மறைத்தவையும் உள.

1968: விலகல்

1968 அக்டோபர் 2 அன்று மெக்சிகோ நகரின் த்லாதெலோல்கோ சதுக்கத்தில் கூடிய மாணவர்கள் மீதும் பொதுமக்கள் மீதும் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது. இறந்தோர் தொகை குறித்து இன்றளவும் கருத்து வேறுபாடு உண்டு. ஒலிம்பிக் விளையாட்டுகள் தொடங்கப் பத்து நாள்களே இருந்தன. செய்தியறிந்த பாஸ், அக்டோபர் 4 அன்று வெளியுறவு அமைச்சருக்குக் கடிதம் எழுதிப் பொறுப்பிலிருந்து நீங்கினார். விளையாட்டு விழாவையொட்டிக் கவிதை கேட்டிருந்த அமைப்பாளர்களுக்கு முன்னர் மறுத்திருந்தவர், இப்போது ஒரு கவிதையை அனுப்பினார். நகராட்சி ஊழியர்கள் சதுக்கத்தின் குருதியைக் கழுவும் காட்சி அதில் இடம்பெறுகிறது.

அவர் முறைப்படி பதவி விலகவில்லை, பணியிலிருந்து ஒதுங்கியிருக்க இசைவே கேட்டார் என்பாரும் உளர். சொல்லளவில் அது சரியே. ஆயின், தன் அரசின் செயலைப் பிறர் முன் தாங்கிப் பேச இயலாதவன் அவ்வரசின் தூதனாக இருத்தல் இயலாது என்பதே அக்கடிதத்தின் உட்கிடை. அலுவலக நடைமுறையின் மொழியிலேயே மறுப்பைச் சொன்னதும் தூதரின் பயிற்சிதான். கடிதமும் கவிதையும் ஒரே வாரத்தில், ஒரே மேசையிலிருந்து சென்றன. அடைப்புக்குறிக்குள் அடங்கியிருந்த குரல் இங்கு வெளிப்படையாயிற்று.

தமிழ் மரபில் ஒப்புநோக்கு

அதியமானுக்காகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையார், புகழ்வது போலப் பழித்துத் தம் செய்தியை உணர்த்தினார். கோவூர்கிழார் போர்முனைக்கே சென்று, இருவரும் சோழரே, எவர் தோற்பினும் தோற்பது ஒரு குடியே எனச் சோழ வேந்தர்க்கு இடித்துரைத்தார். இப்புலவர்கள் பரிசில் பெற்றோர். ஆயினும் பணிக்கட்டுப்பாடு உடையோரல்லர். பாஸ் ஊதியமும் ஆணையும் பெற்று ஏறத்தாழ 23 ஆண்டுகள் அரசுப் பணியில் இருந்தவர். ஆகவே அவருடைய மறுப்புக்குக் கொடுத்த விலை மிகுதி. அதுவரை காத்த அமைதியும் கேள்விக்கு உரியதே. தூது அதிகாரத்தின் இறுதிக் குறள், தனக்கு அழிவு நேரினும் வேந்தனுக்கு நன்மை செய்பவனே தூதன் என்னும் கருத்துடையது. வேந்தனின் விருப்பமும் நாட்டின் நன்மையும் பிரியும்போது தூதன் எதனைப் பற்றுவது என்னும் வினாவை அது நேரே எழுப்பவில்லை. பாஸ் அவ்வினாவுக்குச் செயலால் விடை கூறினார்.

1968க்குப் பின் அவர் எழுதிய ‘இலக்கணக் குரங்கு’ அனுமனை இலக்கண ஆசிரியனாகக் காண்கிறது. ஜெய்ப்பூரை அடுத்த கல்தாவின் நினைவிலிருந்து எழுந்த நூல் அது. கம்பரிடம் அனுமன் சொல்லின் செல்வன், தூதனும் அவனே. அடையாளத்தைச் சேர்ப்பதோடு அமையாது இலங்கையில் தன் அறிவாற் செயற்பட்டவன். பணி துறந்த தூதர் ஒருவர் இந்தியாவைத் திரும்ப எண்ணுகையில் அனுமனிடம் சென்றது பொருத்தமுடையது.

முடிவுரை

பாஸ் வகுத்துக் கூறும் தூதர் வகையினர். இந்தியாவைக் காண அப்பணி அவருக்கு இடம் தந்தது. அடக்கிச் சொல்லும் ஒரு கவிமுறையையும் கற்பித்தது. தென்னாட்டைப் பொறுத்தவரை அப்பார்வை முழுமை பெறவில்லை. அவரது விலகலைக் கவிஞரின் வெற்றியாக மட்டும் காண்பதினும், தூது என்னும் பொறுப்பை உணர்ந்து இறுதிவரை ஆற்றிய செயலாகக் கொள்வதே அவர் எழுத்துக்கும் வாழ்வுக்கும் பொருந்துவதாகும்.