முழங்கையைப் பார்த்துச் சொன்ன சோதிடம்

2017ஆம் ஆண்டு ஜூன் மாதம், அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து அமைப்பான என்.பி.ஏ.வின் ஆட்டக்காரர் தேர்வு நடைபெற்றது. கல்லூரிகளிலிருந்து வரும் இளைஞர்களை அணிகள் முறைவைத்து ஒவ்வொருவராக எடுத்துக்கொள்ளும் நிகழ்ச்சி இது. அவ்வாண்டு இரண்டாவதாக எடுக்கப்பட்டவர் லான்சோ பால். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் அணியில் ஒரே ஒரு பருவம் ஆடியவர். பந்தைத் தோழர்களுக்குக் கடத்துவதில் அவருக்கிருந்த திறனை யாரும் மறுக்கவில்லை. அவருடைய எறியும் முறைதான் சர்ச்சைக்கு உள்ளாயிற்று. அவர் வலக்கைக்காரர். ஆனாலும் பந்தை முகத்தின் இடப்பக்கத்துக்குக் கொண்டுபோய், இடது நெற்றிப்பொட்டின் அருகிலிருந்து குறுக்காகச் சுழற்றி எறிவார். முழங்கை கூடையை நோக்கி நிற்காது. மார்புக்குக் குறுக்கே கிடக்கும். இப்படி எறிகிறவர் தொழில்முறை ஆட்டத்தில் தேற முடியாது என்றார்கள் பலர். கல்லூரியில் தேறினாரே, அங்கும் தேறுவார் என்றார்கள் வேறு சிலர்.

இந்த இரு தரப்பினரும் வாதிட்ட முறையை அறிவியல் நோக்கில் உரசிப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஓர் இளைஞனின் பிழைப்பைப் பற்றிய தீர்ப்பு, அவன் முழங்கை நிற்கும் கோணத்தை வைத்துச் சொல்லப்படுகிறது. அந்தத் தீர்ப்புக்கு ஆதாரம் எவ்வளவு?

பயிற்சியாளர்கள் கற்பிக்கும் முறை நமக்குத் தெரிந்ததே. பந்தின் கீழே எறியும் கை. பக்கத்தில் தாங்கலாக மற்றக் கை. முழங்கை பந்துக்கு நேர் கீழே. மணிக்கட்டு முன்னோக்கி மடங்கி விரல்நுனியிலிருந்து பந்து பின்சுழற்சியுடன் கிளம்ப வேண்டும். இதில் மூடநம்பிக்கை ஏதுமில்லை. தோள், முழங்கை, மணிக்கட்டு மூன்றும் ஒரே செங்குத்துத் தளத்தில் அசைந்தால் பந்துக்குப் பக்கவாட்டு வேகம் கிடைக்க வழியில்லை. எனவே இடம் வலமாகப் பிழை நேரும் வாய்ப்புக் குறைகிறது. பின்சுழற்சியோ, பந்து வளையத்தில் பட்டால் அதன் முன்வேகத்தைத் தணித்து உள்ளே விழச் செய்கிறது.

ஆனால் கையை விட்டுக் கிளம்பிய பந்துக்குத் தன்னை எறிந்த முழங்கை எங்கிருந்தது என்பது தெரியாது. கிளம்பிய இடம், வேகம், கோணம், திசை, சுழற்சி இவ்வளவுதான் அதன் தலைவிதியைத் தீர்மானிக்கின்றன. வளையத்தின் விட்டம் சுமார் 45.7 செ.மீ.; பந்தின் விட்டம் சுமார் 24 செ.மீ. பந்து சாய்வாக இறங்கும்போது வளையம் அதன் பார்வையில் ஒடுங்கித் தோன்றும். 45 பாகையில் இறங்கும் பந்துக்குத் திறப்பு 32 செ.மீ. மட்டுமே. 32 பாகைக்கும் கீழே போனால் வளையத்தைத் தொடாமல் நுழையவே முடியாது. புரூக்ளின் கல்லூரியின் பீட்டர் பிரான்காசியோ 1981இல் இக்கணக்குகளை விரிவாக வெளியிட்டார். 2008இல் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தின் டிரான், சில்வர்பெர்க் இருவரும் கணிப்பொறியில் ஆயிரக்கணக்கான எறிகளைக் கணித்து, தனி எறிக்கு 52 பாகையும் நொடிக்கு மூன்று பின்சுழற்சிகளும் ஏற்றவை என்றனர்.

பக்கவாட்டுப் பிழைக்கு எவ்வளவு இடம் உண்டு? பந்தின் மையம் நேர்கோட்டிலிருந்து ஏறத்தாழ 11 செ.மீ. விலகினால் வளையம் தடுக்கும். தனி எறிக் கோட்டிலிருந்து இது ஒன்றரைப் பாகை. என்.பி.ஏ.வின் மூன்று புள்ளிக் கோடு நடுவில் 7.24 மீட்டர் தொலைவில் உள்ளது. அங்கிருந்து ஒரு பாகைக்கும் குறைவு. குறுக்கே வீசும் கையைக் கண்டு வல்லுநர்கள் அஞ்சியதன் நியாயம் இதில் இருக்கிறது.

ஆயினும் ஒரு நுட்பத்தை அவர்கள் தவறவிட்டார்கள். கடைத் தராசு ஒன்று எப்போதும் 50 கிராம் கூடுதலாகக் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். தெரிந்துவிட்டால் கழித்துக்கொள்ளலாம், அந்தத் தராசு பயன்படும். ஒரு நேரம் 50 கூடவும் மறுநேரம் 50 குறையவும் காட்டும் தராசைத்தான் தூக்கி எறிய வேண்டும். எறிவதும் அப்படியே. கை ஒவ்வொரு முறையும் ஒரே அளவு குறுக்கே போனால், பல்லாயிரம் முறை எறிந்து பழகிய மூளை அதைத் தானே ஈடுகட்டிக்கொள்ளும். கேடு செய்வது சிதறல். கோணலான முறையில் சிதறல் மிகுதியாக இருக்கலாம் என்று ஐயுறுவது சரி; இருந்தே தீரும் என்று தீர்ப்புச் சொல்வது சரியன்று. சிதறலைக் கண்ணால் பார்த்துச் சொல்ல இயலாது, அளக்க வேண்டும்.

ஒழுங்கான முறை என்பதே காலத்துக்குக் காலம் மாறிவந்த ஒன்று என்பதையும் மறக்கலாகாது. 1930களில் இரு கைகளாலும் நின்று எறிவதே முறையாகக் கருதப்பட்டது. ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் ஹாங்க் லூசெட்டி ஒரு கையால் ஓட்டத்தில் எறிந்தார். 1936 டிசம்பரில் நியூயார்க் நகரில் அவருடைய அணி, தொடர்ந்து 43 ஆட்டங்களில் வென்றிருந்த லாங் ஐலண்டு அணியைத் தோற்கடித்தது. அன்றைய கோணல் இன்றைய பாடமாகிவிட்டது.

ரிக் பாரியின் கதை இன்னும் சுவையானது. அவர் தனி எறிகளை மட்டும், இரு கைகளாலும் பந்தைப் பிடித்து, முழங்கால்களுக்கிடையே தாழ்த்தி, கீழிருந்து மேலே வீசுவார். சிறு பிள்ளைகள் எறிவது போலிருக்கும். ஆனால் 1980இல் அவர் ஓய்வு பெற்றபோது என்.பி.ஏ.வில் நூற்றுக்கு 90 தனி எறிகளைக் கூடைக்குள் போட்டிருந்தார். 2017இல் மதுசூதன் வெங்கடேசனும், சென்னை ஐ.ஐ.டி.யில் படித்து ஹார்வர்டில் பணியாற்றும் எல். மகாதேவனும், எறிதலில் பிழை பெருகும் விதத்தைக் கணக்கிட்டனர். தோளுக்கு மேலே, அருகிலிருக்கும் இலக்குக்குக் கீழிருந்து வீசுவதே பொருத்தம் என்பது அவர்கள் கண்டவற்றுள் ஒன்று. ராட்சத உருவினரான வில்ட் சேம்பர்லின் 1961–62 பருவத்தில் இம்முறையைக் கையாண்டார். ஒரே ஆட்டத்தில் 100 புள்ளிகள் குவித்த அன்று 32 தனி எறிகளில் 28ஐப் போட்டார். பின்பு பார்ப்பவர்கள் சிரிப்பார்களே என்று அதைக் கைவிட்டார். 1967–68இல் அவருடைய விகிதம் நூற்றுக்கு 38! வெட்கத்துக்கு இவ்வளவு விலை கொடுத்தவர் விளையாட்டு உலகில் வேறு யாரும் இருப்பாரா என்பது ஐயமே.

இனி லான்சோ பாலின் கணக்குக்கு வருவோம். கல்லூரியில் 194 மூன்று புள்ளி எறிகளில் 80 வெற்றி. அதாவது நூற்றுக்கு 41. ஆதரவாளர்கள் கையில் பிடித்துக்கொண்ட எண் இது. ஆனால் 194 என்பது சிறிய மாதிரி. நிகழ்தகவுக் கணக்குப்படி, அவருடைய மெய்யான திறன் 34க்கும் 48க்கும் இடையே எங்கும் இருக்கலாம். 34 என்றால் சாதாரணம். 48 என்றால் அற்புதம். இரண்டையும் பிரித்துக் காட்ட இயலாத எண்ணை வைத்துக்கொண்டு எதிர்காலம் பேசினார்கள்.

யாரும் போதிய கவனம் செலுத்தாத எண் மற்றொன்று. தனி எறிகள் 98இல் வெற்றி 66, நூற்றுக்கு 67. தனி எறி என்பது ஆட்டத்துக்கு நடுவே அமைந்த ஓர் ஆய்வுக்கூடம். தொலைவு மாறாது, எதிராளி தடுக்கமாட்டான், அவசரமும் இல்லை. மிஞ்சுவது கையின் சிதறல் மட்டுமே. நெடுந்தொலைவு எறிவதில் பேரெடுத்தவர்களோ தனி எறியில் 80க்கும் மேல் நிற்பது வழக்கம். மாதிரி சிறிதானாலும், 41ஐவிட இந்த 67தான் உண்மையைச் சொல்லிற்று. தொழில்முறையில் முதல் பருவத்தில் ஏறக்குறைய 300 மூன்று புள்ளி எறிகளில் அவர் பெற்றது நூற்றுக்கு 30.5. தனி எறியில் 45.1, அடுத்த பருவத்தில் 41.7.

பார்த்தீர்களா, கோணல் கை தோற்றுவிட்டது என்பார்கள். பொறுங்கள். மேற்குக் கரோலினா என்ற சிறிய கல்லூரியிலிருந்து 2004இல் 26ஆவதாக எடுக்கப்பட்ட கெவின் மார்ட்டினும் பந்தைப் பக்கவாட்டில் விசிறுபவரே. பன்னிரண்டு பருவங்கள் ஆடி, ஆட்டத்துக்குச் சராசரி 17 புள்ளிகள் எடுத்தார். மூன்று புள்ளி விகிதம் 38, தனி எறி 87. அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தின் டைரீஸ் ஹாலிபர்ட்டன் முகத்துக்கு முன்னாலிருந்து இரு கைகளாலும் தள்ளுவது போல எறிபவர். 2020இல் பதினொரு பேர் அவருக்கு முன்பாக எடுக்கப்பட்டனர். கல்லூரியின் கடைசிப் பருவத்தில் அவருடைய தனி எறி விகிதம் 82. அதைப் பார்த்திருந்தால் பல அணிகள் பின்னர் வருந்தியிருக்க வேண்டாம். 2025ஆம் ஆண்டின் இறுதிப் போட்டித் தொடரில், முதல் ஆட்டம் முடிய 0.3 நொடி இருக்கையில் வெற்றி எறியை எறிந்தது அந்தக் கோணல் கைதான்.

ஆனால் தனி எறியே எல்லாவற்றுக்கும் அளவுகோல் என்றும் நாம் சொல்லிவிட முடியாது. 2012இல் கெண்டக்கியிலிருந்து இரண்டாவதாக எடுக்கப்பட்ட மைக்கேல் கிட்-கில்கிறிஸ்ட் தனி எறிகளில் நான்குக்கு ஏறக்குறைய மூன்றைப் போடக்கூடியவர். முறுக்கிய கையும் நடுவில் ஒரு தயக்கமும் கொண்ட எறி அவருடையது. அவரைத் திருத்துவதற்கென்றே, முன்னாள் குறிவல்லவரான மார்க் பிரைஸ் சார்லட் அணிக்கு வரவழைக்கப்பட்டார். அப்படியும் தொலைவெறி கைகூடவில்லை. ஆய்வுக்கூடத்தில் இல்லாத இரண்டு பொருள்கள் ஆட்டத்தில் உண்டு: தொலைவு, நேரம்.

தொலைவை முதலில் கணக்கிடுவோம். 2017இல் கல்லூரி ஆட்டத்தின் மூன்று புள்ளிக் கோடு 6.32 மீட்டரில் இருந்தது (2019 முதல் 6.75 ஆக்கினர்). 2.1 மீட்டர் உயரத்திலிருந்து 52 பாகையில் எறிந்தால், கல்லூரிக் கோட்டிலிருந்து நொடிக்கு 8.5 மீட்டர் வேகம் வேண்டும்; என்.பி.ஏ. கோட்டிலிருந்து 9.0 மீட்டர். வேகம் 6 விழுக்காடு கூடுகிறது. ஆற்றலோ இருமடிப் பெருக்கம் காரணமாக 13 விழுக்காடு கூடுகிறது. கால்களிலிருந்து தோள் வழியாக நேராகப் பாயும் விசைக்கு இது பெரிதல்ல. நடுவில் தயங்கும் அசைவு, கால்கள் தந்த உந்தலை இழந்துவிட்டுக் கையாலேயே ஈடுசெய்ய வேண்டியிருக்கும். கை மிகுந்து உழைக்கும்போது சிதறலும் பெருகும்.

நேரத்தின் கதை வேறு. பந்து இடுப்பிலிருந்து இடது நெற்றிக்குப் போய்த் திரும்புவதற்குள் எதிராளி ஓர் எட்டு வைத்துவிடுவான். பால் இடப்பக்கம் விலகி எறியும்போது இது இடையூறாக இல்லை. பந்து போக வேண்டிய பக்கமே அதுதான். வலப்பக்கம் ஓடி நின்று எறிய வேண்டுமானால், உடல் ஒரு திசையிலும் பந்து எதிர்த் திசையிலும் போக வேண்டும். ஆகவே பாதி ஆடுகளம் அவருக்கு மூடியிருந்தது. என் கணிப்பில், கோணல் முறையைப் பற்றிச் சொல்லத்தக்க உறுதியான குறை இது ஒன்றே. விகிதத்தைக் கெடுக்குமோ இல்லையோ, எறியக்கூடிய சந்தர்ப்பங்களைக் குறைக்கிறது. கூடையின் அடியிலோ நின்ற இடத்திலோ பணியாற்றுபவருக்கு அது பெரிய இழப்பன்று. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆட்டத்தையே நடத்த வேண்டியவருக்கு இழப்புத்தான்.

2019இல் நியூ ஆர்லியன்ஸ் அணிக்கு மாறிய பால், பிரெட் வின்சன் என்ற பயிற்சியாளரிடம் முறையை மாற்றிக்கொண்டார். பந்து இடப்பக்கம் போவது நின்றது. அடுத்த பருவங்களில் மூன்று புள்ளி விகிதம் 37.5, 37.8; சிகாகோ சென்றபின் 42.3. தனி எறி 56.6 ஆகி, பின்பு 78.1 ஆயிற்று. ஆட்டத்துக்கு ஒன்றிரண்டு தனி எறிகளே கிடைத்ததால் கடைசி எண்ணைச் சற்று நிதானமாகவே ஏற்க வேண்டும். எல்லாம் ஒரே பக்கம் நகர்ந்திருப்பதால் திருத்தம் பயன் தந்தது எனக் கொள்வது தகும். அதற்காக எல்லாரையும் திருத்தப் புறப்பட்டால் ஆபத்து. அதே 2017 தேர்வில் முதலாவதாக எடுக்கப்பட்ட மார்க்கல் புல்ட்ஸ் கல்லூரியில் பார்க்க அழகாகவே எறிந்தார்; தொழில்முறைக்கு வந்ததும் அவருடைய எறி சிதைந்துபோயிற்று. கழுத்துக்கும் தோளுக்குமிடையே நரம்புகள் நெருக்குண்ணும் நோய் என்று 2018 டிசம்பரில் மருத்துவர்கள் கண்டறிந்தனர். கண்ணுக்கு ஒழுங்காகத் தெரிந்த கையும் உறுதிமொழி அளிக்கவில்லை.

2017இல் ஒரு தேர்வாளர் செய்திருக்கக்கூடியது இதுதான். இளைஞனைத் தனி எறிக் கோட்டில் நிறுத்தி 500 எறிகள் எறியச் சொல்லியிருக்கலாம்; பந்து இடம் வலமாக எத்தனை செ.மீ. சிதறுகிறது என்று குறித்திருக்கலாம். பின்பு 7.24 மீட்டரில் நிறுத்தி மறுபடி 500. அதன்பின் இடப்பக்கம் ஓடி நூறு, வலப்பக்கம் ஓடி நூறு, கையில் கடிகாரத்துடன். இரண்டு காலைப்பொழுது போதும்.

லான்சோ பால் திருத்திய கையால் 42.3 விழுக்காடு எறிந்துகொண்டிருந்த பருவத்தில், 2022 ஜனவரியில், அவருடைய இடது முழங்காலின் குருத்தெலும்பு கிழிந்தது. 35 ஆட்டங்களோடு அப்பருவம் அவருக்கு முடிந்தது. அடுத்த இரண்டு பருவங்களில் அவர் ஓர் ஆட்டமும் ஆடவில்லை. 2024 அக்டோபரில்தான் மீண்டும் களமிறங்கினார்.