முகமும் மலையும்

அகப்பொருளுக்கு இலக்கணம் வகுத்த நம் முன்னோர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றனர். மாந்தரின் ஒழுக்கத்தை உரிப்பொருள் என்றனர். தேனும் தினையும் விலங்கும் பறவையும் கருப்பொருளாய் நின்று இவ்விரண்டையும் இணைத்தன. நிலத்தைத் திரைச்சீலையாகத் தொங்கவிட்டு அதன்முன் மாந்தரை நிறுத்தும் வழக்கம் அம்மரபில் இல்லை. இத்தகைய பார்வைக்கு உரியவர்களாகிய நாம், கேமரா கையில் வந்ததும் அதை எங்கே தொலைத்தோம்? ஜவ்வாது மலையையும் அதன் மக்களையும் காட்டும் ஒளிப்படங்களைக் காணுந்தோறும் இக்கேள்வி எழுகின்றது.

குறை இன்று தோன்றியதன்று. சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராகப் பணியாற்றிய லின்னேயஸ் ட்ரைப், ஜவ்வாது மலைக்கு மேற்கேயுள்ள இராயக்கோட்டை முதலிய சேலம் மாவட்டத்து இடங்களைப் படமாக்கி 1858-இல் தொகுப்பாக வெளியிட்டார். மெழுகு பூசிய தாளில் நெடுநேரம் ஒளி விழச்செய்ய வேண்டியிருந்த காலம் அது. அசையும் மனிதர் படத்தில் தங்கமாட்டார். பாறையும் கோட்டையும் எஞ்சின. பின்னர் இமயத்தைப் படமெடுத்த சாமுவேல் போர்ன், மலையின் உயரம் விளங்கும்பொருட்டு மனிதரை ஓர் அளவுகோலாக நிறுத்தினார். 1909-இல் தென்னிந்தியக் குலங்களையும் பழங்குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகளை வெளியிட்ட எட்கர் தர்ஸ்டனோ மக்களின் தலையையும் மூக்கையும் அளந்தவர். அத்தொகுதிகளின் படங்கள் பலவற்றின் கீழே குலப்பெயர் உண்டு. ஆளின் பெயர் இல்லை. முதலாமவர் படத்தில் மனிதர் இல்லை. இரண்டாமவர் படத்தில் மனிதர் அளவுகோல். மூன்றாமவர் படத்தில் மனிதர் மாதிரிப்பொருள்.

இன்றைய படங்கள் இம்மூன்றையும் கடந்துவிட்டன எனச் சொல்லலாமா? சாமைக் கதிர் அறுக்கும் மூதாட்டியின் முகச்சுருக்கங்களைத் தெளிவாகக் காட்டி, அவர் நிற்கும் புனத்தை வெறும் பச்சைக் கறையாக மங்கவைக்கும் படத்தைப் பரிசுக்குரியதாகக் கருதுகிறோம். 50 மில்லிமீட்டர் லென்ஸை எஃப் 2 அளவில் திறந்து, இரண்டு மீட்டர் தொலைவில் ‘போக்கஸ்’ எனப்படும் குவியத்தை வைத்தால், முன்னும் பின்னுமாக ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் ஆழம் மட்டுமே கூர்மையாக விழும். அந்த ஒரு சாண் அளவுக்குள் முகம் அடங்கும். அம்முகத்தை உருவாக்கிய உழைப்பும் நிலமும் அடங்கா. கைப்பேசிகளோ இம்மங்கலைக் கணக்கிட்டுத் தாமே பூசிவிடுகின்றன. இதற்கு நேர்மாறாக, பீமன் அருவியைக் காண வருவோர் எடுக்கும் படங்களில் மலைமக்கள் ஓர் ஓரத்தில் வண்ணப்புள்ளியாய்க் கிடக்கின்றனர்.

இதனை அழகியல் சிக்கல் மட்டுமே எனக் கருதுவோர் 2015 ஏப்ரல் 7-ஆம் நாளை நினைத்துப் பார்க்கட்டும். ஆந்திர மாநிலத்துச் சேஷாசலக் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் எனச் சொல்லப்பட்ட 20 பேர் காவல்துறையினரால் சுட்டுக்கொல்லப்பட்டனர். அவர்களுள் பலர் ஜவ்வாது மலை ஊர்களைச் சேர்ந்தவர்கள். காட்டுத் தரையில் கிடந்த உடல்களையும் அருகே கிடந்த கட்டைகளையும் ஒரே சட்டகத்துள் காட்டிய படங்கள் நாடெங்கும் வெளியாயின. கட்டையும் உடலும் ஒருங்கே தோன்றியதாலேயே பார்ப்பவர் மனத்தில் குற்றம் உறுதியாயிற்று. அக்கட்டைகள் அங்கே எவ்வாறு வந்தன என்று மனித உரிமை அமைப்பினர் பின்னர் வினா எழுப்பினர். ஆனால் படம் முந்திக்கொண்டது. எதை எதன் பக்கத்தில் வைக்கிறோம் என்பது எத்துணைக் கனமான செயல் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? தம் மலையில் உயிரோடு உழைத்த நாளில் நம் கண்ணுக்குப் படாதவர்கள், வேறொரு காட்டில் பிணமான பின்னரே தெளிவாகப் படமாயினர்.

மாற்று வழி இல்லாமல் இல்லை. 1978-இல் மகேந்திரன் இயக்கிய ‘முள்ளும் மலரும்’ படத்தில் பாலு மகேந்திராவின் ஒளிப்பதிவை நினைவுகூர்வோம். இயற்கை ஒளியையே பெரிதும் நம்பிய அக்காட்சிகளில், மலையில் விஞ்சு இயக்கும் தொழிலாளியின் வீம்பையும் அன்பையும் அந்த மலையிலிருந்து பிரித்துப் பார்க்க இயலாது. திணை மரபு திரையில் மீண்ட தருணம் அது எனலாம்.

அசையாப் படத்திலும் இது கூடும். 28 மில்லிமீட்டர் லென்ஸின் துளையை எஃப் 11 அளவுக்குச் சுருக்கி, இரண்டரை மீட்டரில் குவியம் வைத்தால், ஒன்றேகால் மீட்டர் தொலைவிலுள்ள முகம் முதல் எதிர்மலையின் முகடு வரை தெளிவுபெறும். அவ்வளவு அருகில் செல்ல ஒருவர் நம்மை அனுமதிக்க வேண்டும். ஆகவே பழக்கம் முந்தும், படம் பிந்தும். நிற்கும் இடமும் பொருள் தரும். சரிவில் கீழே நின்று எடுத்தால் வானத்தின்முன் மனிதர் சிலையாவார். உச்சியில் நின்று எடுத்தால் குறுகிப்போவார். சரிவின் குறுக்கே, அவருடைய மட்டத்திலேயே நின்றால் அவர் உழுத நிலம் அவர் தோளருகே எழும். வானத்தின் வெளிச்சத்தைக் கொண்டு கேமராவை முடிவு செய்யவிட்டால் கருத்த முகம் நிழலாகிவிடும். முகத்தின் ஒளியையே அளக்க வேண்டும். வானம் சற்று வெளிறினால் இழப்பு பெரிதன்று.

ஜவ்வாது மலையை இனிப் படமெடுப்போரிடமும், அப்படங்களை வெளியிடும் இதழ்களிடமும் நாம் கேட்க வேண்டியவை இரண்டு. முகத்துக்காக நிலத்தையும் நிலத்துக்காக முகத்தையும் மங்கவைக்காதீர். படத்தின் கீழே ஊரின் பெயரையும், அவர் இசைந்தால் அவருடைய பெயரையும் எழுதுங்கள்.